பழைய ஃபாக்ஸ்ப்ரோ ரசீது ப்ரோகிராம், கோர் 2 டுவோ பொட்டி: விர்ச்சுவல் மெஷின்ல ஓட்டலாமா?

ரங்கூன்_கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல எங்க கோயில் சங்கத்துக்கு கணக்கு எழுதறேன். எழுதறேன்னா, எங்க மாமாதான் எழுதிட்டிருந்தாரு, அவருக்கு பார்வை மங்கவும் என் தலைல வந்து விழுந்துருச்சு. காணிக்கை ரசீது போட ஒரு டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) ப்ரோகிராம் இருக்கு, 1998ல யாரோ ஃபாக்ஸ்ப்ரோ 2.6ங்கற டேட்டாபேஸ் மென்பொருள்ல எழுதிக் கொடுத்தது, நீலத் திரை, எஃப்2 அமுக்கினா புது ரசீது, எஃப்10 அமுக்கினா டாட் மேட்ரிக்ஸ் சர்ருனு அடிச்சுத் தள்ளும். எழுதினவரு இப்ப எந்த ஊர்ல இருக்காருன்னே தெரியல, சோர்ஸ் கோடும் கைல இல்ல.

இத்தன வருஷமா ஒரு பென்டியம் 4ல எக்ஸ்பி போட்டு ஓட்டுனோம். போன மாசம் கரண்ட்டு போறதும் வர்றதுமா இருந்ததுல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) புகை விட்டு படுத்துருச்சு, கூடவே போர்டும் போச்சு. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பிச்சுது, ஐடிஇ கேபிள் (பழைய வகை டிஸ்க் மாட்டற வயர்) இரவல் வாங்கி ஃபோல்டர் முழுசையும் பென் டிரைவ்ல எடுத்துட்டேன். இப்ப கைல இருக்கறது செகண்ட் ஹேண்ட் கோர் 2 டுவோ இ8400, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10 64 பிட். ப்ரோகிராமை கிளிக் பண்ணா உங்க பிசில இது ஓடாதுன்னு ஒரே வரில சொல்லிட்டு போயிடுது. சரின்னு விர்ச்சுவல்பாக்ஸ் (பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டி மாதிரி விர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டற மென்பொருள்) போட்டேன், விடி-எக்ஸ் (அதுக்கு சிபியுல வேண்டிய வசதி) பயாஸ்ல (பொட்டியோட அடிப்படை செட்டிங்) ஆஃப்ல இருக்குன்னு எரர். மாசி மாசம் தீமிதி வருது, அதுக்குள்ள ரசீது அடிச்சாகணும். புது பொட்டி வாங்க சங்கத்துல காசு இல்ல. என்ன பண்ணலாம்?

பொட்டிக்கடை:
பயாஸுக்குள்ள போய் விர்ச்சுவலைசேஷன்னு இருக்கறத எனேபிள் பண்ணுங்க, அப்பறம் பவரை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சில போர்டுல வெறும் ரீஸ்டார்ட் போட்டா எடுக்காது. விண்டோஸ்ல ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்ட்டோட சொந்த விஎம் வசதி) ஆன்ல இருந்தா அதையும் எடுத்துடுங்க, ரெண்டும் முட்டிக்கும்.

மோல்மேன்_தம்பி:
அண்ணே, இ8400ல ஹைப்பர்-வி ஓடவே ஓடாது, விண்டோஸ் 10ல அதுக்கு எஸ்எல்ஏடி (விஎம்மோட மெமரிய சிபியுவே கவனிக்கற வசதி) வேணும், இன்டெல்ல அது நெஹலேம் சிபியுல இருந்துதான், அதாவது 2008 கடைசில வந்த முதல் ஐ7. அதனால அங்க தேட வேணாம். ஆனா அதே வசதி இல்லாததாலதான் விடி-எக்ஸ் ஆன் பண்ணாலும் விஎம் கொஞ்சம் நொண்டும்.

விஎம்ல எக்ஸ்பி போடறதா இருந்தா அதுக்கு 512 எம்பி ராம் கொடுங்க போதும், நிறைய கொடுத்தா நல்லதுன்னு 2 ஜிபி தூக்கிக் கொடுத்தா விண்டோஸ் 10 மூச்சு முட்டும். டிஸ்க் கண்ட்ரோலர் ஐடிஇன்னே வைங்க, சாட்டா (புது வகை) வச்சா எக்ஸ்பி கிட்ட அந்த டிரைவர் இல்லாததால நீலத் திரைல நிக்கும் (உங்க ரசீது நீலம் இல்ல, வேற நீலம்).

ரங்கூன்_கணக்கு:
பயாஸ்ல ஆன் பண்ணிட்டேன், எக்ஸ்பி ஏறிடுச்சு, ப்ரோகிராமும் திறக்குது!! ஆனா நேத்து ஒரு ரசீது பாதில இருக்கறப்ப கரண்ட்டு போச்சு, யூபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. திரும்ப வந்து பார்த்தா கடைசி மூணு ரசீதக் காணோம், தேடினா வேற யாரோ பேரு வருது. பயந்துட்டேன்.

பழையபொட்டி:
தம்பி, மொதல்ல அந்த ஃபோல்டரை அப்படியே ரெண்டு பென் டிரைவ்ல காப்பி எடுத்து ஒண்ண வேற வீட்ல வைங்க, அப்பறம் பேசுவோம்.

எடுத்தாச்சா? இப்ப கேளுங்க. டிபிஎஃப் (ஃபாக்ஸ்ப்ரோ கணக்கெல்லாம் வைக்கற) ஃபைல் தலைப்புலயே மொத்தம் எத்தன ரெக்கார்டுன்னு ஒரு எண்ணிக்கை இருக்கும், ரெக்கார்டு டிஸ்க்ல விழுந்து அந்த எண்ணிக்கை மாறறதுக்குள்ள கரண்ட்டு போனா கடைசி ரசீது இருந்தும் இல்லாத மாதிரிதான். பேரு மாறி வர்றது சிடிஎக்ஸ் இன்டெக்ஸ் (எந்த ரெக்கார்டு எங்க இருக்குன்னு காட்டற ஃபைல்) கெட்டுப் போனதால. உங்க ப்ரோகிராம் மெனுல ரீஇன்டெக்ஸ்னோ ஃபைல் சரிபார்ப்புன்னோ ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அந்தக் காலத்துல எழுதினவங்க எல்லாரும் வச்சிருப்பாங்க, ஏன்னா அவங்களுக்கும் கரண்ட்டு போச்சு. விஎம்ல இன்னொரு தொல்லை, ஐடிஇ கண்ட்ரோலருக்கு விர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்ட் கேஷை தானாவே ஆன் பண்ணி வச்சிருக்கும், எக்ஸ்பி எழுதிட்டேன்னு நினைச்சுக்கும், விஷயம் இன்னும் விண்டோஸ் 10 ராம்லயே உக்காந்திருக்கும். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கம் போய் அந்த டிக்கை எடுத்துடுங்க, கொஞ்சம் மெதுவாகும், பரவால்ல.

ஆனா என்னைக் கேட்டா ஒரு ரசீது அடிக்க விஎம் எதுக்கு? உங்க ப்ரோகிராம் வெறும் டாஸ். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் ஓடாது, அவ்வளவுதான் பிரச்சனை. விண்டோஸ் 10லயே 32 பிட் வெர்ஷன் இருக்கு, அதுல என்டிவிடிஎம்னு ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணா டாஸ் ப்ரோகிராம் அப்படியே ஓடும் (முழுத் திரை மட்டும் வராது). 4 ஜிபில முக்கால் ஜிபி போல கண்ணுக்குத் தெரியாமப் போகும், அத விட்டா நஷ்டம் இல்ல. விண்டோஸ மாத்த இஷ்டம் இல்லன்னா டாஸ்பாக்ஸ்-எக்ஸ் (டாஸ் பொட்டி மாதிரி நடிக்கற மென்பொருள்) போடுங்க. சும்மா டாஸ்பாக்ஸ் இல்ல, அது கேம் ஆடறவங்களுக்கு, பிரிண்ட் கிடையாது. எக்ஸ் போட்டது ஆபீஸ் வேலைக்கும் ஆகும், ஃபோல்டரை சி டிரைவா மவுண்ட் பண்ணி எக்ஸிய (உங்க ப்ரோகிராம் ஃபைலை) ஓட்டுங்க, விடி-எக்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். கூட இருக்கற .இஎஸ்எல் ஃபைலை மட்டும் விட்டுடாதீங்க, அது இல்லன்னா எக்ஸி திறக்காது.

ரங்கூன்_கணக்கு:
ஐயா நன்றி, ரீஇன்டெக்ஸ் மெனு ஒம்பதாவதா இருந்துச்சு, அமுக்கினதும் பேரெல்லாம் சரியாச்சு, மூணு ரசீதை மட்டும் அடிக்கட்டை பார்த்து திரும்பப் போட்டேன். டாஸ்பாக்ஸ்-எக்ஸ்ல திரையும் வந்துருச்சு. பிரிண்டர்தான் அசைய மாட்டேங்குது, எப்சன் எல்எக்ஸ்-300, யூஎஸ்பி டு பேரலல் கேபிள்ல மாட்டியிருக்கேன். இன்னொண்ணு, ரொம்ப நாளா இருக்கற தொல்லை, பத்து லட்சம் கியாட் (பர்மா பணம்) காணிக்கை போட்டா தொகை இருக்கற இடத்துல வெறும் நட்சத்திரமா வருது, அதனால ஒரே ஆளுக்கு ரெண்டு ரசீது கிழிக்கிறோம், போன வருஷம் ஒரு அக்கா என்னப்பா என் பணத்த பாதியா காட்டறீங்கன்னு சண்டைக்கே வந்துட்டாங்க.

மோல்மேன்_தம்பி:
அந்தக் கேபிள் எல்பிடி1 (டாஸுக்குத் தெரிஞ்ச பிரிண்டர் போர்ட்) இல்லண்ணே, விண்டோஸ் அத யூஎஸ்பி001ன்னு ஒரு போர்ட்டாத்தான் பார்க்கும், டாஸ் ப்ரோகிராம் எல்பிடி1ஐத் தவிர எதையும் அறியாது. பொட்டிக்குப் பின்னாடி பாருங்க, அந்தக் காலத்து போர்டுல 25 ஓட்டை பேரலல் சாக்கெட் நிறைய இருக்கும். இருந்தா அதுலயே மாட்டி, டாஸ்பாக்ஸ்-எக்ஸ் கான்ஃபிக்ல பேரலல்1க்கு ஃபைல்னு வச்சு டிவைஸ் எல்பிடி1ன்னு கொடுங்க, நேரா பிரிண்டருக்குப் போயிடும். சாக்கெட் இல்லன்னா பிரிண்டரை ஷேர் பண்ணி நெட் யூஸ் கமாண்டால எல்பிடி1ஐ அந்த ஷேருக்குத் திருப்பி விடலாம்.

பழையபொட்டி:
நட்சத்திரம் விழறது எதுக்குன்னா, தொகைக்கு ஆறே இலக்கம்தான் இடம் விட்டிருக்காரு. 9,99,999 வரைக்கும் கொள்ளும், ஒரு கியாட் கூடினாலும் இடம் பத்தாம நட்சத்திரம். 1998ல பத்து லட்சம் காணிக்கை போடுவாங்கன்னு அந்த மனுஷன் கனவுலயும் நினைச்சிருக்க மாட்டாரு. டிபிஎஃப்ல இடத்தைக் கூட்டறது சுலபம், ஆனா திரைலயும் ரசீதுலயும் காட்டற வடிவம் எக்ஸிக்குள்ளயே உறைஞ்சு போயிருக்கு, சோர்ஸ் இல்லாம அத மாத்த முடியாது. அதனால இந்த வருஷம் தீமிதிக்கு இதுலயே ஓட்டுங்க, பெரிய தொகைக்கு கை ரசீது புக் ஒண்ணு தனியா வைங்க. திருவிழா முடிஞ்சதும் டிபிஎஃப்ப லிப்ரே ஆபீஸ் கால்க்ல திறங்க, அப்படியே திறக்கும், இத்தன வருஷக் கணக்கும் வரிசையா வந்து நிக்கும், அங்கிருந்து புதுசா ஒண்ணு பண்ணிக்கலாம். காப்பியத் திறங்க தம்பி, ஒரிஜினலை இல்ல, கால்க்ல சேவ் பண்ணா இன்டெக்ஸ் ஒட்டாது.

ரங்கூன்_கணக்கு:
சாக்கெட் இருந்துச்சு!! தூசி அடைச்சுக் கிடந்துச்சு, ஊதிட்டு மாட்டினேன், ரசீது அடிச்சிருச்சு. சத்தத்தைக் கேட்டதும் மாமா உள்ரூம்ல இருந்து எந்திரிச்சே வந்துட்டாரு. எழுத்து மட்டும் மங்கலா விழுது, ரிப்பன் காஞ்சு போச்சு. இங்க ரெண்டு கடைல கேட்டேன், எல்எக்ஸ்-300ன்னு சொன்னா ஒரு மாதிரி பார்க்கறாங்க.

பொட்டிக்கடை:
மாடல் பேரச் சொல்லாதீங்க, 8750 ரிப்பன்னு கேளுங்க. பழைய ஸ்டாக் எங்கயாவது கிடக்கும். கிடைச்சா ரெண்டா வாங்கி வைங்க, எனக்கு ஒண்ணு வேணும்.