மாணவர் பங்கு எவ்வளவு? நன்னூல் பொதுப்பாயிரம் பற்றி

கேள்வி: ஆசிரியர் சொல்வதைக் கேட்டால் கால்பங்கு அறிவுதான் வரும் என்கிறாரே நன்னூல் இலக்கணத்தின் முன்னுரையான பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர், மீதி முக்கால் எங்கிருந்து? வகுப்பில் இதை எப்படிச் செய்வது?

மறுமொழி 1: உடன் படிப்பவரோடு சேர்ந்து பயின்று கால், பிறருக்கு விரித்துரைத்து அரை. கேட்பதற்கும் படி உண்டு: இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறையில் முறையாகச் சொல்ல வரும். ஆகவே ஒரே பாடத்தை மூன்று நாள் நடத்துங்கள். மூன்றாம் நாள் ஆசிரியர் பேசக் கூடாது.

மறுமொழி 2: பலரும் கோட்டை விடுவது அந்த அரைப்பங்கில்தான். 'வாழைப்பழம்' என்று நடுவே 'ப்' வருவதை, அதாவது ஒற்று மிகுவதை, ஒரு மாணவி விளக்கட்டும். எதிரில் இருப்பவர் "அப்போ 'வந்த பையன்' ஏன் மிகவில்லை?" என்று மடக்குவார். பெயரெச்சத்தின் (பெயரைக் கொண்டு முடியும் 'வந்த' போன்ற எச்சவினையின்) பின் மிகாது என்பது அப்போதுதான் மனதில் ஏறும். அடுத்து 'ஓடாக் குதிரை' வரும்; ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ('ஓடாத' என்பதன் கடைசி 'த' போய் 'ஓடா' என நிற்பது) விதிவிலக்கு. அதை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து.

மறுமொழி 3: அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை (ஆசிரியருக்கு உதவும் மூத்த மாணவர்) இளையவர்களுக்குப் பாடம் சொன்னதும் இவ்வகைதான். ஆனால் எப்போதும் ஒருவரே சட்டாம்பிள்ளையானால் அந்த அரைப்பங்கு அவருக்கு மட்டுமே சேரும். வாரம் ஒருவராக மாற்றுங்கள்.