குர்குமின் வெச்சு எலியில செப்சிஸ் ஆய்வு: திட்டத்துல எங்க ஓட்டை?

குமாரபாளையம் எம்.ஃபார்ம்:
வணக்கமுங்க. ஈரோட்டு மஞ்சள்ல இருந்து பிரிச்ச குர்குமின் செப்சிஸ்ல (கிருமித் தொற்றுக்கு உடம்பு எல்லை மீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடற நிலை) ஆக்சிஜனேற்றத்தையும் அழற்சியையும் எவ்வளவு தடுக்குதுன்னு பார்க்கணும். விஸ்டார் ஆண் எலி, 200-250 கிராம், குழுவுக்கு 6. குழுக்கள்: ஷாம் (வயித்தைத் திறந்து மூடறது மட்டும்), சி.எல்.பி. (பெருங்குடல் தொடக்கத்துல இருக்கற சீக்கம்ங்கற பையைக் கட்டி, ஊசியால குத்தி செப்சிஸ் உண்டாக்கறது), சி.எல்.பி.யோட குர்குமின் 100 மி.கி/கிலோ, சி.எல்.பி.யோட என்-அசிட்டைல்சிஸ்டீன் (ஒப்பிட ஒரு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) 150 மி.கி/கிலோ. குர்குமினை டி.எம்.எஸ்.ஓ.ங்கற கரைப்பான்ல கரைச்சு, அறுவைக்கு 1 மணி நேரம் முன்னாடி ரெண்டு மருந்தும் வயித்துக்குள்ள ஊசி. 24 மணி நேரத்துல கல்லீரல், நுரையீரல் எடுத்து எம்.டி.ஏ. (கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைக் காட்டறது), குளூட்டாதயோன் (உடம்போட சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பான்), டி.என்.எஃப். ஆல்ஃபா (அழற்சிப் புரதம்) அளக்கறதா இருக்கேன். விலங்கு ஆய்வு அனுமதிக்கான படிவம் பி கொடுக்கறதுக்குள்ள திருத்தணும். பேசாம எல்.பி.எஸ். (கிருமிச் சுவர்ல இருந்து எடுக்கற நச்சு) போட்டா சுலபமாங்க?

கோவை மருந்தியல்:
அம்மிணி, முதல் ஓட்டை நேரம். செப்சிஸ் வந்த பின்னாடிதான் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. முன்கூட்டியே மருந்து குடுத்து எலியைக் காப்பாத்தறதுல அர்த்தமில்லை. செப்சிஸ் நோயாளிங்க மேல நடந்து 2022ல வந்த லோவிட் ஆய்வுல, ஆக்சிஜனேற்றத் தடுப்பானான வைட்டமின் சி போட்டவங்களுக்கு 28 நாள்ல மரணமோ உறுப்புச் செயலிழப்போ 44.5 சதவீதம், போடாதவங்களுக்கு 38.5. நோய் வந்த பின்னாடி போட்டதுல பலன் தெரியலை. அதனால நீங்களும் சி.எல்.பி. முடிஞ்சு 3-6 மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க.

ரெண்டாவது டி.எம்.எஸ்.ஓ. அதுவே ஆக்சிஜனேற்றம் பண்ற ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கற சரக்கு. சி.எல்.பி.யோட வெறும் டி.எம்.எஸ்.ஓ. குழு இல்லீன்னா குர்குமினுக்குப் போற பேர் கரைப்பானோடதா இருக்கலாம். ஊசிக்குப் பதிலா வாய்வழி குடுக்கறதும் சரி வராது: செப்சிஸ்ல குடல் அசைவு நின்னு போகும், எவ்வளவு உறிஞ்சுதுன்னே தெரியாது.

மனுசனுக்குக் குடுக்கற ஆதரவு சிகிச்சையை எல்லா சி.எல்.பி. குழுவுக்கும் குடுங்க. வெதுவெதுப்பான சலைன் 30 மி.லி/கிலோ, அதாவது 250 கிராம் எலிக்கு 7.5 மி.லி., தோலுக்கடியில ரெண்டு மூணு இடமாப் பிரிச்சு. ஆன்டிபயாடிக்கும் வேணும். வலிக்கு ப்யூப்ரினார்பின், மெலாக்சிகாம் அழற்சியைத் தானே குறைச்சிரும், வேண்டாம்.

எல்.பி.எஸ். சுலபம்தான், ஆனா அங்க உயிருள்ள கிருமி இல்லை. டி.என்.எஃப். ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல உச்சத்துக்குப் போய்ச் சீக்கிரமே இறங்கிரும். சி.எல்.பி.யிலயும் 24 மணி நேரத்துக்கு அதை மட்டும் நம்பாதீங்க, 6 மணி நேரத்துல ஐ.எல்-6ங்கற இன்னொரு அழற்சிப் புரதத்தையும் எடுங்க.

நாமக்கல் கால்நடை:
சி.எல்.பி.யில கோளாறு வர்ற இடம் முடிச்சுங்க. சீக்கத்தை வெளிய எடுத்ததும் மலத்தை மெதுவா நுனிப் பக்கம் தள்ளி, இலியோசீக்கல் வால்வுக்கு (சிறுகுடல் சீக்கத்துல சேர்ற இடம்) கீழ 3-0 பட்டு நூல்ல கட்டுங்க. வால்வு மாட்டிக்கிச்சுன்னா எலி குடலடைப்புல சாகும், செப்சிஸ்ல இல்லை. எவ்வளவு நீளம் கட்டறீங்களோ அவ்வளவு தீவிரம்: பாதி கட்டினா நடுத்தரம், முக்கால்வாசி கட்டினா கடுமை. ஸ்கேலை வெச்சு அளந்து எழுதி வைங்க. ஊசி 18 கேஜா 21 கேஜாங்கறதும், ஒரு குத்தா, ஊடுருவின ரெண்டு குத்தாங்கறதும் கடைசி வரைக்கும் மாறக்கூடாது. குத்தின ஓட்டையில மலம் துளி எட்டிப் பார்த்தாப் போதும், பிதுக்கித் தள்ளாதீங்க.

எல்லா அறுவையும் ஒரே கை செய்யணும். ஒரு கூண்டு முழுக்க ஒரே குழுவை வைக்காதீங்க. எலிங்க ஒண்ணோட புழுக்கையை ஒண்ணு தின்னும், குடல் கிருமி கூண்டுக்குக் கூண்டு மாறும்.

பெருந்துறை உயிர்வேதியியல்:
டி.டி.என்.பி.ங்கற வேதிப்பொருள் போட்டு மஞ்சள் நிறத்தை அளக்கற எல்மேன் முறையில குளூட்டாதயோன் பார்க்கறதா இருந்தா ரெண்டு மருந்துமே உங்களை ஏமாத்தும். என்-அசிட்டைல்சிஸ்டீன் தானே குளூட்டாதயோன் மாதிரி ஒரு தயால் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி உள்ளது), டி.டி.என்.பி.யோட நேராவே வினை புரியும். குர்குமினோ மஞ்சள், 420-430 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், நீங்க படிக்கறது 412. குளூட்டாதயோன் ரிடக்டேஸ்ங்கற நொதியைப் போடற மறுசுழற்சி முறைக்குப் போங்க, வினை வேகத்தைப் படிங்க, டி.டி.என்.பி. போடாத திசு சாம்பிளை பிளாங்க்கா (கழிக்கறதுக்கான ஒப்பீட்டு அளவா) ஒவ்வொரு திசுவுக்கும் வைங்க.

எம்.டி.ஏ.வை டி.பி.ஏ.ங்கற வேதிப்பொருளோட கொதிக்க வெச்சு, வர்ற நிறத்தை 532 நானோமீட்டர்ல படிக்கறப்ப ரத்தம் கலந்திருந்தா அளவு ஏறும். குளிர்ந்த சலைன் செலுத்தி, கல்லீரல் வெளிறின பின்னாடி வெட்டுங்க. கொதிக்க வைக்கறதுக்கு முன்னாடி பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன்ங்கற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேருங்க, இல்லீன்னா சூட்டுலயே புதுசா ஆக்சிஜனேற்றம் நடக்கும். சுக்ரோஸ் பஃபர் வேண்டாம், அதுவும் டி.பி.ஏ.வோட நிறம் குடுக்கும், 1.15 சதவீத பொட்டாசியம் குளோரைடுல 10 சதவீத ஹோமோஜினேட் (அரைச்ச திசுக் கரைசல்) போடுங்க.

குமாரபாளையம் எம்.ஃபார்ம்:
ரொம்ப நன்றிங்க. 24 மணி நேரத்துக்குள்ள செத்துப்போற எலியை என்ன பண்றதுங்க?

கோவை மருந்தியல்:
அதை விட்டுட்டு மீதியை மட்டும் அளந்தா, தாங்கின எலியோட கணக்கு மட்டுமே வரும். உயிர்பிழைப்புக்குத் தனிக் குழு, திசுவுக்குத் தனிக் குழு. உயிர்பிழைப்புக்கு 6 எலி பத்தாது, புள்ளியியல் ஆள்கிட்ட எண்ணிக்கை கணக்குப் போட்டு வாங்கிப் படிவத்துலயே காட்டுங்க. தானா சாகற வரைக்கும் விடாதீங்க: உடம்புச் சூடு தொடர்ந்து இறங்கி, பக்கவாட்டுல படுக்க வெச்சாத் தானா நிமிர முடியலீன்னா கருணைக்கொலை. அந்த அளவுகோலையும், ராத்திரி எத்தனை மணிக்கு யார் பார்ப்பாங்கன்னும் இப்பவே எழுதிருங்க.