வீட்டு விற்பனைக் குழு: பங்கரும் மேற்குச் சுவரும்

தம்பி: எல்லோருக்கும் காலை வணக்கம். வீட்டைப் படமெடுக்க முகவர் வியாழக்கிழமை வருகிறார். தோட்டத்து மூலையில் நிற்கும் பங்கரை, அதாவது விமானத் தாக்குதலின்போது பதுங்கக் கட்டிய பழைய அறையை, அதற்கு முன் இடித்துவிட்டால் புல்தரை விசாலமாகத் தெரியும் என்பதால், ஒரு வேலையாளிடம் கூலி கேட்டிருக்கிறேன்.

அக்கா: தம்பி, அவரை உடனே வரவேண்டாம் என்று சொல்லிவிடு. நம் வீடு வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களுக்கான இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகைய வீட்டின் வளவுக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிலத்தோடு சேர்ந்து நிற்கும் கட்டுமானமும் அந்த வீட்டின் பகுதியாகவே கருதப்படும்; பங்கரோ 1940இல் கட்டப்பட்டது. அனுமதியின்றி இடிப்பது குற்றம், அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனையும் உண்டு.

தம்பி: முப்பது வருடமாகப் புல்வெட்டும் இயந்திரத்தைப் பூட்டி வைத்திருக்கும் அறைக்கா இவ்வளவு மரியாதை?

மாமா: அதற்குப் பங்கர் என்று பெயர் வைத்ததே உங்கள் அம்மாதான். ஊரிலிருந்து வந்த புதிதில் அதன் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று திரும்பிவிட்டார்.

அண்ணன்: பங்கர் இருக்கட்டும். முகவர் அனுப்பிய விளம்பர வரைவில், "குண்டுச் சிதறல்களின் தழும்புகளை இன்றும் தாங்கி நிற்கும் செங்கல் வீடு" என்று எழுதியிருக்கிறார். அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் முன்சுவரைக் காட்டிச் சொன்ன கதைதானே, அப்படியே விட்டுவிடலாமா?

அக்கா: விட முடியாது, அண்ணா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அன்றைய லண்டன் நிர்வாகமான லண்டன் கவுண்டி கவுன்சில் சேதத்தை நிறம் தீட்டிக் குறித்த வரைபடங்களை ஆவணக் காப்பகத்தில் பார்த்தேன். முற்றாக அழிந்த வீடுகளுக்குக் கறுப்பு. நம் வீட்டுக்கு ஆரஞ்சு, அதாவது அதிர்வால் பொதுவான சேதம் ஏற்பட்டாலும் கட்டமைப்பு உறுதி குலையவில்லை என்று பொருள். இரண்டு தெரு தள்ளி, ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் பெரிய வட்டம் இருக்கிறது. ஆகவே மஞ்சள் செங்கற்களுக்கு நடுவே இளஞ்சிவப்புச் செங்கல் வைத்துக் கட்டிய மேற்குச் சுவரின் ஒட்டு, போருக்குப் பிந்திய பழுதுபார்ப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் முன்சுவரில் செங்கற்களின் முகம் பொரிந்து உதிர்வதற்குக் காரணம் வேறு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். அதைச் சுரண்டிவிட்டுக் கடினமான சீமெந்தை அடைத்தால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உறைபனியில் விரிந்து முகத்தைப் பெயர்த்துவிடும்.

மாமா: அந்தச் சீமெந்தைப் பூசியது உங்கள் அப்பாவும் நானும்தான். 1987 கோடை விடுமுறையில் இரண்டு சனிக்கிழமைகள் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சில வருடங்கள் கழித்துச் செங்கல் உதிரத் தொடங்கியபோதுதான் குண்டுச் சிதறல் கதையும் தொடங்கியது. அவர் அவ்வளவு ஆசையாகச் சொன்னதால் நான் குறுக்கே பேசவில்லை.

அண்ணன்: இது தெரியாமல் நான் பள்ளிக்கூடத்தில் அந்தச் சுவரைப் பற்றிக் கட்டுரையே எழுதிப் பரிசு வாங்கினேன். அந்தப் பூச்சுக்கு அனுமதி பெற்றார்களா?

அக்கா: வீடு 1973இல் பட்டியலில் சேர்ந்தது, அப்பாவின் பெட்டியில் அனுமதிக் கடிதம் எதுவும் இல்லை.

அண்ணன்: அப்படியானால் இன்றே உள்ளூர்க் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுகிறேன்.

அக்கா: வேண்டாம், அண்ணா. இத்தகைய பழைய வேலைகளுக்கு, வீட்டு விற்பனையைக் கவனிக்கும் வழக்கறிஞர்களான சொலிசிட்டர்கள் பெரும்பாலும் இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்துத் தருவார்கள்; பின்னாளில் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்தை அது ஈடுசெய்யும். நாம் முந்திக்கொண்டு கவுன்சிலிடம் பேசிவிட்டால் அது கிடைக்காமல் போகலாம். வாங்குகிறவரிடமிருந்து எதையும் மறைக்கப் போவதில்லை: விற்பவர் நிரப்பும் படிவத்தில் பூச்சைப் பற்றி எழுதுவோம், மேற்குச் சுவருக்கு வரைபடத்தின் நகலை இணைப்போம், விளம்பரத்திலிருந்து அந்த வரியை நீக்கச் சொல்வோம். பொய்யான தகவலை நம்பி வாங்கியவர் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம்மீதே வழக்குப் போட முடியும்.

தம்பி: வேலையாளுக்குச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை பங்கரைச் சுத்தம் செய்கிறேன். முகவர் உள்ளேயும் படமெடுக்கட்டும்.

மாமா: பின்சுவரோரம் ஒரு மர ஏணி சாய்ந்திருக்கும், பார். அதை எறிந்துவிடாதே, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.