ஆண்ட்ராய்டா, ஐபோனா: குமுளிப் பாதையில் எதை நம்பலாம்?

குழு அன்பர்களுக்கு வணக்கம். ஏலக்காய் வியாபாரத்துக்காகக் கம்பத்திலிருந்து குமுளிக்கு நாள்தோறும் சென்றுவரும் நான், மலைப்பாதையில் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்து தானாக அணைந்துவிடும் என் பழைய கைபேசியை மாற்ற எண்ணியிருக்கிறேன்.

மென்பொருள் புதுப்பிப்பைப் பொறுத்தவரை, 2018-இல் வெளியான ஐபோன் எக்ஸ்எஸ், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பு வரை பெற்றது. ஆண்ட்ராய்டில், ஒவ்வொரு நிறுவனமும் மென்பொருளைத் தன் கருவிக்கேற்ப மாற்றியமைத்த பிறகே புதுப்பிப்பு வருவதால் தாமதம் நேர்வதுண்டு. ஆயினும் கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்சி எஸ்24 ஆகிய ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு 7 ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அந்நிறுவனங்கள் உறுதியளித்துள்ளன. (உறுதிமொழி வேறு, இம்மலைப்பாதையின் லோயர்கேம்ப் வளைவுகள் வேறு.)

தமிழகத்துக்கு ஒன்று, கேரளத்துக்கு ஒன்று என இரண்டு சிம்களுடன் இப்பாதையில் ஓரிரு ஆண்டுகளாவது பயன்படுத்தியவர்கள், எல்லை தாண்டும்போது எந்தக் கைபேசி தடுமாறாமல் இணைப்பைப் பிடிக்கிறது, எது அடிக்கடி உறைந்துபோகிறது என்பதை, வாங்கிய ஆண்டையும் குறிப்பிட்டு எழுத வேண்டுகிறேன்.