தாமஸ் கோலின் மைக்கோட்டோவியங்கள்: அந்தப் பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் தாமஸ் கோல் (1801–1848) வரைந்த கோட்டோவியங்கள் டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் ஏராளமாக உள்ளன. அவற்றில் மையால் வரைந்தவற்றின் படங்களைப் பார்க்கும்போது பல கோடுகள் பழுப்பாகவே தெரிகின்றன. அவர் பழுப்பு மையைத் தெரிந்தே எடுத்தாரா, கறுப்பு மைதான் நாளடைவில் நிறம் மாறியதா? மேலும், வண்ணத்துக்குப் பெயர்பெற்ற ஒருவர் மலையடிவாரத்திலேயே அமர்ந்து தீட்டாமல் வெறுங்கோடுகளோடு திரும்பியது ஏன் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1:
இரண்டுக்கும் வாய்ப்புண்டு. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய மை, மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதியும் பிசினும் சேர்த்துக் காய்ச்சியது (நம் நாட்டுமருந்துக் கடைக்காரர் இன்றும் எடுத்துத் தரக்கூடிய சரக்குகள்தாம்). அது தாளில் பட்டபின் காற்றுப் பட்டுக் கறுத்து, பல ஆண்டுகள் கழித்துப் பழுப்பாகும். அதிலுள்ள அமிலம் தாளையும் அரிப்பதால், பேனா தயங்கி மை தேங்கிய இடங்களில் தாளின் பின்பக்கம் வரை கறை ஊறியிருப்பதைக் காணலாம். கரியால் ஆன இந்திய மை இவ்வாறு மாறுவதில்லை. கணவாய் என்னும் கடலுயிரியின் மையிலிருந்து எடுக்கும் செபியாவோ தொடக்கத்திலிருந்தே பழுப்பு. அருங்காட்சியகக் குறிப்பில் ‘பழுப்பு மை’ என்றிருந்தால், அது பெரும்பாலும் இன்று கண்ணுக்குத் தெரியும் நிறத்தையே சொல்கிறது.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விக்கு: அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் மடக்கக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றது 1841இல்தான். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துச் சுமக்க வேண்டியிருந்தது. ஆனால் கோலைப் பொறுத்தவரை அதை முதன்மைக் காரணமாக நான் கருதவில்லை. ஒரு காட்சியைக் கண்டு திரும்பிய உடனே தீட்டினால் தமக்குச் சரியாக அமைவதில்லை என்றும், சில்லறை விவரங்களைக் காலம் திரையிட்டு மறைக்கும்வரை காத்திருப்பதாகவும் 1838இல் நண்பரும் ஓவியருமான ஆஷர் டூரண்டுக்கு எழுதினார். வண்ணங்களைத் தாளிலேயே சொற்களாகக் குறித்துக்கொள்வதும் அவர் வழக்கம்.

மறுமொழி 3:
கோல், டூரண்ட் இருவருடைய தொழிற்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோல் இங்கிலாந்தில் இளமையில் துணி அச்சுக்கான வடிவங்களைச் செதுக்கியவர். டூரண்ட், ஓவியர் டிரம்புல்லின் ‘சுதந்திரப் பிரகடனம்’ ஓவியத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி 1823இல் புகழ்பெற்றவர். நிழலைக் குறுக்குக்கோடுகளால் கட்டுவது இவர்களுக்குக் கைவந்த கலை. கோலின் முறுக்கேறிய மரத்தண்டுகளில் பட்டையின் திருப்பத்தோடு கோடும் வளைந்து செல்வதைக் கவனித்தால் இது புரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மைக்குக் கீழே பென்சில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது?

மறுமொழி 1:
தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் கோடு மினுங்கும், மாசிக்காய் மை மினுங்காது. ஆய்வுக்கூடங்களில் அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இந்த மை ஏறத்தாழ மறைந்துபோக, பென்சில் மட்டும் கறுப்பாக நிற்கும். வெளியில் பென்சிலால் குறித்துவந்து, பிறகு அறையில் மையால் உறுதிசெய்த படங்களை இவ்வாறு பிரித்தறியலாம்.