வரைபடத்தில் நான் போடாத பச்சைக் கோடுகள்: கிராபிக்ஸ் சிப் போய்விட்டதா?

கோட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வரைபடம் போடுவது என் வேலை. மூன்று வாரம் முன்பு, ஒரு மாடிப்படியின் வரைபடத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. கை தவறிப் போட்டிருப்பேன் என்று நினைத்து அழிக்கப் பார்த்தேன். கோடு பிடிபடவே இல்லை. லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வெறும் திரையில் அது மட்டும் நின்றது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

லேப்டாப் 2014-ல் வாங்கியது. இன்டெல் ஐ7 நான்காம் தலைமுறை, 16 ஜிபி ராம், 2 ஜிபி நினைவகத்தோடு தனி கிராபிக்ஸ் சிப், விண்டோஸ் 10. ஒருமுறை எஸ்எஸ்டி போட்டேன், இரண்டு முறை பேட்டரி மாற்றினேன். மற்றபடி உள்ளே யாரும் கை வைத்ததில்லை.

இப்போதைய நிலை இதுதான். கணினியைப் போட்டதும் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. வரைபடம் போடும் மென்பொருளான ஆட்டோகேட் திறந்து பத்து நிமிடம் ஆனதும் பச்சைக் கோடுகள், அப்புறம் சதுரங்கப் பலகை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள். சில சமயம் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்து, டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோய் மீண்டுவிட்டது என்று செய்தி காட்டுகிறது. போன வாரம் இரண்டு முறை நீலத்திரை. அதில் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று இருந்தது, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோய் மீளவில்லை.

டிரைவரை இரண்டு முறை நீக்கிப் போட்டாயிற்று. விண்டோஸ் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஒரு கோடும் வரவில்லை. அதனால் மென்பொருள் கோளாறுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் பழுது பார்ப்பவர் ஒருவர், மூடியைக்கூடத் திறக்காமல், மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் சிப்பைச் சூடு காட்டினால் போதும் என்றார். என் தம்பி ஓவனில் வைக்கச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். கேக்கா இது?

இன்னும் பதினோரு நாளில் மூன்று வீட்டின் வரைபடங்களைக் கொடுக்க வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?

இரவாந்தை:

முதலில் கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள். கோடு எப்படியும் காத்திருக்கும், நீலத்திரை காத்திருக்காது.

அப்புறம் இரண்டு நிமிட சோதனை ஒன்று. கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் அது கிராபிக்ஸ் நினைவகத்திலேயே உருவாகிறது என்று அர்த்தம். படம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் திரைமேலும் கேபிள்மேலும் போக வேண்டும். அப்படியென்றால் மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கீல் அசையும்போது கோடு மாறினால் கேபிள்தான்.

பற்றாசு:

சர்க்யூட் போர்டு பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சேஃப் மோடில் கோடு வரவில்லை என்பதால் டிரைவர் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. சேஃப் மோடில் உங்கள் தனி சிப்பின் டிரைவர் ஏறுவதே இல்லை. அந்தச் சிப் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வேலையே செய்யாதவன் தப்புச் செய்யவில்லை என்பதை வைத்து அவனுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது.

உங்கள் தலைமுறை லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். ஒன்று ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல். இன்னொன்று தனி சிப். உள் திரை இன்டெலோடுதான் இணைந்திருக்கும். ஆட்டோகேட் மாதிரி கனமான மென்பொருளைத் திறந்தால் தனி சிப் விழித்து, படத்தை வரைந்து இன்டெல் கையில் கொடுக்கும், இன்டெல் அதைத் திரைக்கு அனுப்பும். ஆகவே என் கேள்வி: கோடு ஆட்டோகேட் ஜன்னலுக்குள் மட்டும் வருகிறதா, கீழே டாஸ்க்பாரிலும் வருகிறதா? ஜன்னலுக்குள் மட்டும் என்றால் தனி சிப்பின் பக்கம்தான். டாஸ்க்பாரிலும் வந்தால் இன்டெல் பக்கத்தையும் ராமையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்டெல் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. அந்த நிலை வந்தால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓர் இரவு ஓட வேண்டும்.

அடுத்து எச்டிஎம்ஐயில் வெளி மானிட்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சில மாடல்களில் அந்தத் துளை நேரே தனி சிப்போடு இணைந்திருக்கும். அப்போது வெளி மானிட்டரில் டெஸ்க்டாப்பே அழுக்காகத் தெரியும்.

ஓசிசிடி (OCCT) என்றொரு சோதனை மென்பொருள் இருக்கிறது. அதில் விரேம் (VRAM, கிராபிக்ஸ் நினைவகம்) சோதனையை ஓட்டுங்கள். கிராபிக்ஸ் நினைவகத்தில் எழுதி, திரும்பப் படித்து, பிழைகளை எண்ணிச் சொல்லும். ஒரு பிழைகூட வரக்கூடாது. பிழை வந்தால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் நினைவக வேகத்தை 300, 400 மெகாஹெர்ட்ஸ் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். குறைத்ததும் பிழை குறைந்தால் நினைவகச் சில்லோ, அதைப் போர்டோடு பிடித்துவைக்கும் சாலிடர் பற்றுகளோ தளர்ந்திருக்கின்றன. நீங்கள் சொல்லும் ஒழுங்கான கட்டங்களைப் பார்த்தாலே எனக்கு நினைவகம்தான் மூக்கில் வாசம் அடிக்கிறது.

பழசுபிரியன்:

பற்றாசு சார் சொல்வது சரிதான், ஆனாலும் சூடு காட்டுவதை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்பது என் அனுபவம். என்னுடைய பழைய லேப்டாப் போர்டை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினேன், உயிர் வந்தது. ஐந்து வாரம் ஓடியது. மறுபடி சூடாக்கினேன், பத்து நாள் ஓடியது. மூன்றாவது முறை சார்ஜர் துளைக்கு அருகே இருந்த பிளாஸ்டிக் கனெக்டர் உருகிவிட்டது. அது என் அவசரம்.

பற்றாசு:

பழசுபிரியன், வைத்தியத்துக்கு நீங்களே சாட்சியும் சொல்லி எதிர்சாட்சியும் சொல்லிவிட்டீர்கள்.

ஓவன் கதையை ஒருமுறை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய சாலிடர் 183 டிகிரியில் உருகும். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பரவிய ஈயமில்லாச் சாலிடர் உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். வீடியோக்களில் 200 டிகிரியில் எட்டு நிமிடம் வைக்கிறார்கள். அதில் பற்று உருகவே இல்லை. அப்புறம் எப்படி உயிர் வருகிறது?

சிப்பில் பற்று இரண்டு அடுக்கு. சிலிக்கான் சில்லை அதன் அடித்தட்டோடு இணைக்கும் பொடிப் பற்றுகள் உள்ளே. அந்த அடித்தட்டை மதர்போர்டோடு இணைக்கும் பெரிய உருண்டைகள் வெளியே. சூடானால் சிலிக்கான் விரிவதைவிட அடித்தட்டும் போர்டும் பல மடங்கு விரியும். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பத்து வருடத்தில் ஏதோ ஒரு பொடிப் பற்றில் மயிரிழை விரிசல் விழும். வெளியிலிருந்து சூடு காட்டினால் அந்த விரிசலின் இரு கரைகளும் கொஞ்ச நாள் தொட்டுக்கொள்ளும். ஒட்டுவது இல்லை, தொடுவதுதான். சிப்பைக் கழற்றி உருண்டைகளைப் புதிதாகப் போடும் ரீபாலிங் செய்தாலும் மாறுவது வெளி உருண்டைகள் மட்டுமே, உள் விரிசல் அப்படியே இருக்கும்.

உள்ளே நடக்கும் இந்தக் கோளாறு புதிதும் இல்லை. 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியா, சில லேப்டாப் சிப்களின் பேக்கேஜிங் பொருள் (சில்லையும் அடித்தட்டையும் சேர்த்துக் கட்டுவது) பலவீனமாக இருப்பதாகச் சொல்லி, பழுதுச் செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அதை யாரும் ஓவனில் வைத்துத் தீர்க்கவில்லை.

இன்னொன்று, சமைக்கும் ஓவனில் சர்க்யூட் போர்டை வைத்தால் வரும் புகை அடுத்த வேளைச் சாப்பாட்டில்தான் படியும். தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

கோட்டுக்காரி:

சொன்னதையெல்லாம் செய்தேன்.

ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இருக்கிறது. ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தேன், என் மாடிப்படிமேல் குறுக்காக ஓடுகிறது. டாஸ்க்பார் சுத்தம், ஆட்டோகேட் ஜன்னலுக்குள் மட்டும்தான். எச்டிஎம்ஐயில் மானிட்டர் போட்டதும் வெறும் டெஸ்க்டாப்பிலேயே கட்டங்கள். அதே நேரம் லேப்டாப் திரை கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நீங்கள் சொன்ன இரண்டு பாதை எனக்குப் புரிந்தது.

விரேம் சோதனை இருபது நொடியில் ஆயிரக்கணக்கில் பிழை காட்டியது. பயந்து நிறுத்திவிட்டேன். வேகத்தை 400 குறைத்து ஓட்டினால் நான்கு நிமிடம் கழித்துத்தான் முதல் பிழை.

வெப்பநிலை 94 டிகிரி வரை போகிறது. அதுதான் காரணமாக இருக்குமோ? சுத்தம் செய்தால் போய்விடுமா?

பற்றாசு:

சுத்தம் செய்யுங்கள், ஆனால் கோடு போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். சூடுதான் நோயை வளர்த்தது. வளர்ந்த பிறகு சூட்டைக் குறைத்தால் நோய் வளரும் வேகம் குறையும், விரிசல் மூடாது.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்த பிறகே உள்ளே கை வையுங்கள். ஃபேனை மட்டும் ஊதினால் போதாது. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், அதை எடுக்க ஃபேனையே கழற்ற வேண்டும். ஊதும்போது இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்கைத் தூக்கினால் சிப்மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், பக்கத்து நினைவகச் சில்லுகள்மேல் மெத்து மாதிரி தெர்மல் பேட். பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் போட்டுவிடாதீர்கள், இடைவெளி நிரம்பாது. அதே தடிமனில் புதுப் பேட்தான் வேண்டும்.

வேலைக்கு வழி இது: டிவைஸ் மேனேஜரில் தனி சிப்பை டிசேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் வேண்டாம், விண்டோஸ் மறுபடி போட்டுவிடும். 2டி வரைபடத்துக்கு இன்டெலே தாங்கும். ஆட்டோகேட் அப்போதும் முரண்டு பிடித்தால் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். இரண்டு இழப்பு உண்டு. எச்டிஎம்ஐ போய்விடும், பழைய விஜிஏ துளை இருந்தால் அது இன்டெல் பக்கமா என்று பாருங்கள். சில மாடல்களில் டிசேபிள் செய்த சிப்புக்கு மின்சாரம் நிற்காது, டிரைவர் இல்லாததால் அது தூங்கவும் தெரியாமல் விழித்தபடி பேட்டரியைக் குடிக்கும். பயாஸில் அணைக்க வசதி இருந்தால் அதுதான் நல்லது. உங்கள் வயது லேப்டாப்பில் அது அபூர்வம்.

சிப்பையே மாற்றலாமா என்று கேட்பீர்கள். உங்களுடையது போர்டோடு பற்றவைத்தது, கழற்றி மாட்டும் எம்எக்ஸ்எம் கார்டு இல்லை. நினைவகச் சில்லு மட்டும் என்றால் நல்ல கையால் மாற்ற முடியும். ஆனால் ஒன்று யோசியுங்கள்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, நான்காம் தலைமுறை இன்டெலை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. நானாக இருந்தால் இந்தப் போர்டுக்குச் செலவு செய்ய மாட்டேன். என் தொழிலுக்கு எதிராக நானே பேசுகிறேன்.

கோட்டுக்காரி:

எட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

திறந்தேன். பேஸ்ட் சுண்ணாம்பாக உதிர்ந்தது. தூசி ஒரே துண்டாக, சின்னக் கைக்குட்டை மாதிரி கழன்று வந்தது. மூடும்போது ஒரு திருகு மிச்சம், எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. வெப்பம் 94-லிருந்து 78-க்கு இறங்கியது. கோடு, நீங்கள் சொன்னபடியே, போகவில்லை.

தனி சிப்பை டிசேபிள் செய்தேன். நீலத்திரை அதற்குப் பிறகு வரவில்லை. பேட்டரி முன்பு இரண்டரை மணி நேரம் வந்தது, இப்போது ஒன்றரை. விஜிஏ வேலை செய்கிறது, எழுத்து லேசாக மங்கல். பெரிய வரைபடத்தை நகர்த்தினால் ஒரு கணம் யோசித்து நகர்கிறது, அந்த நேரத்தில் நானும் யோசித்துக்கொள்கிறேன். மூன்றில் இரண்டு வீடு முடிந்தது. அடுத்த லேப்டாப்புக்கு இனிதான் பணம் ஒதுக்க வேண்டும்.

நேற்று இரவு மூன்றாவது வீட்டில் மறுபடி ஒரு பச்சைக் கோடு. கை நடுங்க அதன்மேல் சொடுக்கினேன். பிடிபட்டது. தோட்டத்து வேலி, மாலையில் நானே போட்டது.