குறியீட்டின் குறியீடு: மூன்று பொருளுக்கு ஒரே சொல்லா?

கிளிநொச்சி, கணினி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கைந்நூல் அச்சகத்துக்குப் போக வேண்டும். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசு பவுணிலும் யூரோவிலும் வருகிறது. அதனால் வேர்ட்டில் £, € அடிக்கும் முறைக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வசனம் இப்படி வந்து நிற்கிறது: 'நாணயக் குறியீட்டின் குறியீட்டை அடித்து, ஓல்ட் சாவியோடு எக்ஸை அழுத்தினால் குறியீடு தோன்றும்.'

€ என்ற உருவும் குறியீடு, எல்லா மொழி எழுத்துக்கும் இலக்கம் கொடுக்கும் யுனிகோட் நியமம் அதற்குக் கொடுத்த 20ஏசி என்ற இலக்கமும் குறியீடு, வங்கிப் படிவத்தில் எழுதும் ஈயூஆர் என்ற மூன்று எழுத்தும் குறியீடு. முதல்முறை படிக்கிற பிள்ளைக்கு இது விளங்காது. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் தாருங்கள்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, உருவுக்குக் 'காசுப்பொறி' என்று வையுங்கள். பொறித்தது பொறி. சோழனுக்குப் புலிப்பொறி, பாண்டியனுக்குக் கயற்பொறி. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் நந்தியும் 'சேது' என்ற சொல்லும் பொறித்திருக்கும். ஓர் அரசின் காசை அடையாளம் காட்டும் உருவுக்கு இதைவிடப் பொருந்திய சொல் இல்லை.

நாணயம் வடமொழி வழி வந்தது. காசு நம்முடையது. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்றுதானே வாய்பாடு சொல்லிக் கொடுத்தோம்? சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு வருகிறது. ஐரோப்பியர் இந்தியக் கரையில் புழங்கிய சிறு செப்புக்காசைக் 'கேஷ்' என்று அழைத்ததும் நம் காசிலிருந்துதான். உலகத்துக்குக் கொடுத்த சொல்லை நாமே கைவிடலாமா?

வவுனியா, அச்சக வடிவமைப்பாளர்:

வணக்கம் ஐயா. பொறி என்றால் இன்று இயந்திரம். பொறியியல் படிக்கப் போகிற பிள்ளையிடம் காசுப்பொறி என்றால் வங்கிச் சுவரில் காசு எடுக்கிற இயந்திரத்தைத்தான் நினைக்கும்.

தங்கச்சி, சொல்லைவிட அவசரமான விஷயம் ஒன்று. கைந்நூலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்ப வேண்டாம். பாமினியில் டொலர்ச் சாவி 'கூ' ஆகிவிடும். 'ரூ' வேண்டுமென்றால் & சாவியை அடிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு அது. நடுவில் $ போட வேறு எழுத்துருவுக்கு மாறி, மறுபடி திரும்ப வேண்டும். முழுப் பக்கத்தையும் யாராவது ஒரே எழுத்துருவாக்கினால் டொலர் எல்லாம் கூ. யுனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

மல்லாவி, கூட்டுறவுச் சங்கக் கணக்கர்:

என் வாக்கு 'நாணயக்குறி'க்கு. நாணயமாற்று, வெளிநாட்டு நாணயம் என்றுதான் வங்கியில் எழுதியிருக்கிறது. சங்கத்துக்கு வருகிறவருக்கும் அதுதான் விளங்கும். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தோடு வழக்கில் வந்த சொல்லைத் தள்ள வேண்டியதில்லை என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யுனிகோடில் ௹ என்ற தமிழ் ரூபாய்க்குறி இருக்கிறது, அதைக் கட்டாயம் சேர்க்கவும். ஆனால் அதே வரிசையில் இருக்கும் ௶, ௷ இரண்டையும் கைந்நூலில் போட வேண்டாம். முன்னதற்குப் பற்று, பின்னதற்கு வரவு என்று பெயர். தமிழ்நாட்டு வழக்கில் வலப்பக்கம் எழுதுவது வரவு. எங்கள் பள்ளிக்கூடக் கணக்கியலில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. பெயரைப் பார்த்து ௷வை இடப்பக்கம் போட்டால் ஐந்தொகையே பிழைத்துவிடும். இதை யாரும் எச்சரிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

ஒட்டுசுட்டான், இப்போது பேர்ன்:

நான் இங்கிருந்து அனுப்புவது சுவிஸ் பிராங். அதற்கு வழக்கில் தனி உருவே கிடையாது, சிஎச்எஃப் என்ற மூன்று எழுத்துத்தான். யுனிகோடில் இருக்கும் ₣ பிரெஞ்சு பிராங்குக்கானது, அதைச் சுவிசுக்குப் போட்டால் பிழை. ஐஎஸ்ஓ 4217 என்ற நியமம் ஒவ்வொரு நாணயத்துக்கும் இப்படி மூன்று எழுத்துக் கொடுத்திருக்கிறது. இலங்கை ரூபாய்க்கு எல்கேஆர். ₹ இந்திய ரூபாய்க்கு 2010இல் வந்தது, அதை இலங்கைக் கணக்கில் போடக்கூடாது. எங்களுக்கு 'ரூ' போதும்.

ஆகவே உருவையும் மூன்றெழுத்தையும் பிரித்துச் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல, காசு சரியான இடத்துக்குப் போவதற்கு. மூன்றெழுத்துக்கு 'நாணயச் சுருக்கெழுத்து' எப்படி?

கிளிநொச்சி, கணினி ஆசிரியை:

நன்றி அண்ணை. ஆனால் சுருக்கெழுத்து என்றால் சுருக்கெழுத்தாளர் வேகமாக எழுதும் கோட்டெழுத்து. அந்தப் படிப்பும் இங்கே நடக்கிறது, குழம்பும்.

20ஏசிக்குக் 'குறியெண்' என்று யோசித்தேன். செய்முறை இது: தமிழ்ச் சாவிப்பலகையை நிறுத்திவிட்டு 20ஏசி என்று ஆங்கிலத்தில் அடித்து, உடனே ஓல்டோடு எக்ஸ். € வந்துவிடும். ௹ வேண்டுமென்றால் 0பிஎஃப்9. லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் இதே வழிதான். தொகைக்குப் பின்னால் இடைவெளி விடாமல் அடித்தால் வேர்ட் அந்தத் தொகையின் இலக்கங்களையும் சேர்த்துப் படித்துவிடக்கூடும், அதனால் குறியெண்ணை மட்டும் தெரிவுசெய்து அழுத்தச் சொல்கிறேன். எண் தட்டுள்ள சாவிப்பலகையில் ஓல்டை அழுத்திப் பிடித்து 0163 அடித்தால் £ வரும், மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் தட்டே இல்லை.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஏ, சி என்று எழுத்து வருவதை எண் என்று எப்படிச் சொல்வது?

குறி என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அகத்திணையில் அது தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடம்: பகற்குறி, இரவுக்குறி. இன்றைய பேச்சில் வேறு பொருளும் ஏறிவிட்டது, வகுப்பில் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

கிளிநொச்சி, கணினி ஆசிரியை:

ஐயா, வினாக்குறி, மேற்கோட்குறி என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்கிறோம், யாரும் கூச்சப்படவில்லை. 20ஏசி எண்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் பதினறும எண் முறை (பதினாறை அடியாகக் கொண்டது) படிக்கிறார்கள். அங்கே ஏ என்பது 10, சி என்பது 12. பத்தடி எண்ணில் எழுதினால் 8364. குறியெண் என்று சொன்னவுடன் 'இது ஏன் எண்?' என்று ஒரு பிள்ளை கேட்டால் எனக்கு அன்றைக்குப் பாடமே அமைந்துவிடும்.

வவுனியா, அச்சக வடிவமைப்பாளர்:

நாணயக்குறி, குறியெண் இரண்டுக்கும் சம்மதம். பவுண் விஷயத்தையும் கவனியுங்கள். இங்கே பவுண் என்றால் எட்டுக் கிராம் தங்கம். நன்கொடைப் பட்டியலில் 'பவுண் 5' என்று கண்டால் சங்கிலியா காசா என்று தெரியாது. அந்த இடத்தில் £ போட்டே ஆக வேண்டும். உங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மல்லாவி, கணக்கர்:

மூன்றெழுத்துக்கு 'நாணய மூவெழுத்து' என்று போடலாமே. எண்ணிக்கையும் மனதில் நிற்கும்.

ஒட்டுசுட்டான், இப்போது பேர்ன்:

நாளைக்கு நியமம் நான்கெழுத்து ஆனால்? சுருக்கெழுத்து வேண்டாமென்றால் 'நாணயச் சுருக்கம்' என்றே விடுங்கள்.

கிளிநொச்சி, கணினி ஆசிரியை:

நாளை காலை கோப்பு போகிறது. நாணயக்குறி, குறியெண் இரண்டையும் போட்டுவிட்டேன். மூன்றாவதற்கு மூவெழுத்து. நான்கெழுத்து வந்தால் அன்று மாற்றுவோம் அண்ணை. வசனம் இப்போது: 'நாணயக்குறியின் குறியெண்ணை அடித்து, ஓல்ட் சாவியோடு எக்ஸை அழுத்தினால் நாணயக்குறி தோன்றும்.'

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. சொல்லடைவில் நாணயக்குறிக்குப் பக்கத்தில் காசுப்பொறியையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மூவெழுத்தை முவ்வெழுத்து என்று குறுக்கியும் எழுதலாம். அப்படி எழுதினால் 'தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வரின் இரட்டும்' என்ற விதிப்படி வகரம் இரட்டிக்கும், அதை விட்டுவிடாதீர்கள். நாணயம் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.